கேட்காமல் இறங்கிய கிணறு

ஆலங்குடாவில் நாங்கள் தங்கியிருந்த தென்னந்தோட்டத்துக் கிணறு உவர்த்துப்போனதற்கு என் மூத்த சகோதரரே காரணம். நன்றிக்கடனாகவே அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னவர்கள் ஊரில் இருந்தார்கள். இரண்டாவதை மட்டும் சொன்னவர்கள் எங்கள் கொட்டில்களில் இருந்தார்கள். இரு சாராரும் பல ஆண்டுகள் ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுதார்கள்.

காக்கா என்று அவரை அழைத்தேன். மன்னார்ப் பகுதி முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல் அது. வாப்பா இறந்தபோது கலப்பையை அவர் எடுத்துக்கொண்டு புத்தகத்தை என்னிடம் விட்டார். வரலாற்றில் பட்டம் பெற்று ஆசிரியனாக நான் எங்கள் ஊரான முசலிக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டில் ஓர் எல்லை தானாகவே வகுக்கப்பட்டிருந்தது. படிப்பைப் பற்றிய பேச்சில் அவர் வாய் திறப்பதில்லை. மண்ணையும் நீரையும் பற்றிய பேச்சில் நான் வாய் திறப்பதில்லை.

முசலி களிமண் பூமி. அங்கே மேல்நீர் கலங்கலாக இருக்கும். தோண்டத் தோண்டத் தெளிந்த, குளிர்ந்த, இனித்த நீர் கிடைக்கும். அதனால் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டு முழுவதும் ஒருவருடைய கிணற்றில் நீர் அள்ளிக் குடித்தவர்கள், அறுவடை முடிந்து குளம் வற்றும் காலத்தில், அந்தக் கிணற்றுக்குள் இறங்கி அதை ஆழமாக்கிக் கொடுத்துவிட்டு ஏற வேண்டும். இதை யாரும் கேட்டுச் செய்வதில்லை. கேட்டால் கிணற்றுக்காரர் வேண்டாமென்று மரியாதைக்குச் சொல்ல நேரும். அது அவரைச் சங்கடத்தில் தள்ளுவதாகும். ஆட்கள் மண்வெட்டியும் கயிறுமாக வருவதைக் கண்டால் அவரே ஏதாவது சாட்டுச் சொல்லி வெளியே போய்விடுவார். நின்று பார்ப்பது வேலை வாங்குவது போலாகும் அல்லவா? அவர் திரும்பி வரும்போது நீர் உயர்ந்திருக்கும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளமாட்டார்கள். காக்கா இந்த வழக்கத்தில் வளர்ந்தவர். ஒருவர் வீட்டு நீரைக் குடித்துவிட்டு இறங்காமல் இருப்பது, அவரளவில், களவுக்கு அடுத்த படியில் இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டின் மழைக்காலத் தொடக்கத்தில் எங்களை வெளியேறச் சொன்னார்கள். ஆயுதம் தாங்கியவர்கள் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்; முஸ்லிம்கள் அனைவரும் போய்விட வேண்டும், கையில் எடுக்கக்கூடியது இவ்வளவுதான், நேரம் இவ்வளவுதான். காரணம் சொல்லப்படவில்லை. பக்கத்து ஊர்த் தமிழர் சிலர் வீதியோரம் நின்று அழுதார்கள். சிலர் வீட்டுக்குள் இருந்துகொண்டார்கள். காக்கா விதைநெல்லை மூட்டையாகக் கட்டி, பிறகு அவிழ்த்து, முற்றத்தில் கோழிகளுக்குக் கொட்டினார். மாடுகளின் கயிறுகளை அறுத்துவிட்டார். காட்டுப் பாதையால் தெற்கு நோக்கி நடந்தோம். ஆற்றைக் கடந்து புத்தளம் பக்கத்துக் கரைத்தீவுக்கு வந்து சேர்ந்தபோது காக்காவின் மனைவியான மதினியின் காலில் செருப்பு இல்லை. அது எங்கே கழன்றதென்று அவருக்கே தெரியவில்லை.

கரைத்தீவில் சில வாரங்கள் இருந்தபின் லொறிகளில் எங்களை ஏற்றிக் கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள ஆலங்குடாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஊரார் எங்களை எப்படி வரவேற்றார்கள் என்பதைக் குறைத்துச் சொன்னால் அது பாவம். பள்ளிவாசல் முற்றத்தில் பெரிய சட்டிகளில் கஞ்சி கொதித்தது. பெண்கள் தங்கள் பெருநாள் உடுப்புகளைக் கொண்டுவந்து எங்கள் பெண்களின் மடியில் வைத்தார்கள். ஊரின் மூத்த தென்னந்தோட்டக்காரர், ஹஜ்ஜுக்குப் போகும் முன்பே எல்லாராலும் ஹாஜியார் என்று அழைக்கப்பட்டவர், எங்கள் முப்பது குடும்பங்களைத் தம் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்.

“தென்னைக்கு நடுவுல எங்க வேணுமெண்டாலும் கொட்டில் போட்டுக்கோங்க. மரத்த மட்டும் வெட்டிப்போடாதீங்க, அது பேசாத பிள்ளை” என்றார்.

“பெருநாளைக்கு முதல் போயிடுவம் ஹாஜியார்” என்றார் காக்கா.

“எந்தப் பெருநாள் எண்டு நான் கேக்க மாட்டேன் நானா. இரிங்க.”

காக்காவைவிட அவரே வயதில் மூத்தவர். ஆயினும் மரியாதைக்காக நானா, அதாவது அண்ணன், என்றே அழைத்தார். நோன்புப் பெருநாள் வந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. அந்தக் கேள்வியை அவர் கடைசிவரை கேட்கவில்லை. கொட்டில்களில் அது எங்களுக்கே ஒரு பகிடியாகிவிட்டது. கடன் வாங்கிய சுளகைத் திருப்பித் தராதவர்கள், “பெருநாளைக்கு முதல் தாறன்” என்று சொல்லிச் சிரித்தார்கள்.

காலையில் ஊர்ப் பிள்ளைகளும் பின்னேரத்தில் எங்கள் பிள்ளைகளும் படிப்பதென்று பாடசாலையில் ஏற்பாடு செய்யப்பட்டது. தகரக் கொட்டகையில் நான் வரலாறு கற்பித்தேன். மக்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்தமைக்கான காரணங்கள் என்றொரு பாடம் மேல்வகுப்பில் உண்டு. யுத்தம், பஞ்சம், சமயத் துன்புறுத்தல், நிலமின்மை எனக் கரும்பலகையில் எழுதுவேன். அதன் கீழே, வந்தவர்களுக்கும் முன்பே குடியிருந்தவர்களுக்கும் இடையிலான முரண்பாடுகள் என எழுதுவேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, “சேர், பரீட்சையில நாங்க ஆர்ர பக்கம் நிண்டு எழுதுறது?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. வரலாற்றில் பக்கம் கிடையாது என்று ஏதோ சொன்னேன். இந்தக் கரையில் யாரும் மண்ணிலிருந்து முளைத்தவர்களல்லர். ஊராரின் முன்னோர்கள் தோணியில் வந்தவர்கள். தெற்கே உடப்புத் தமிழரும் தங்கள் முன்னோர் கடல் கடந்து வந்ததாகவே சொல்வார்கள் என்றும் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பாடத்தின் இரண்டாம் பகுதி கொட்டகைக்கு வெளியே மெதுவாக நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஆண்கள் வெங்காயத் தோட்டங்களில் களை பிடுங்கப் போனார்கள். பசித்தவர்கள் என்பதால் குறைந்த கூலிக்குப் போனார்கள். ஊர்க் கூலியாளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவன் எங்களைப் பார்த்த பார்வையில் நியாயம் இருந்தது. மாதந்தோறும் நிவாரண லொறி வரும். அரிசியும் பருப்பும் எங்களுக்கு மட்டும் இறக்கப்படும். அதே அளவு ஏழையான ஊர்க் குடும்பங்கள் வேலிக்கு அப்பால் நின்று பார்ப்பார்கள். விறகு குறைந்தது. கிடுகு பின்ன ஓலை குறைந்தது. ஊர்ப் பிள்ளைகள் மத்தியானத்தோடு வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். முதலில் எங்களை விருந்தாளிகள் என்றார்கள், பிறகு அகதிகள் என்றார்கள், பிறகு வெறுமனே “அவங்க” என்றார்கள். யாரும் ஒருநாளில் மாறவில்லை. ஒருவரையொருவர் நல்லவர்களென்று அறிந்திருந்த மனிதர்கள், ஒரே வாளிக்காகக் காத்து நின்று, சலித்துப்போனார்கள்.

வாளி என்பதை நான் உவமையாகச் சொல்லவில்லை. தோட்டத்துக் கிணறு ஒன்றே ஒன்று. ஹாஜியாரின் தங்கை, கணவனை இழந்தவர், தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வெங்காயப் பாத்திகள் வைத்திருந்தார். அவருக்கும் அவருடைய இளைய மகளுக்கும் அந்தப் பாத்திகளே சீவியம். பாத்திகளுக்கும் இந்தக் கிணற்றிலிருந்தே தண்ணீர். நாங்கள் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்று அழைத்தோம். நாக்கு நீளமானவர். மதினியும் சளைத்தவரல்லர்.

“ஒங்கட ஊருல தண்ணி கடல் மாதிரி கெடந்திச்சா? ஒரு பிள்ளைய கழுவ ஆறு வாளி!” என்பார் ராத்தா.

“கழுவாத பிள்ளைய ஓதப் பள்ளிக்கு அனுப்பினா உங்கட லெப்பை மயங்கி விழுந்திடுவாரே, அதுதான்.”

“என்ட வெங்காயம் மயங்கி விழுகிதே, அத ஆரு தூக்குற?”

“தூக்கிறதுக்கு நாங்கதானே வாறம், கூலிக்கு.”

இருவரும் சிரித்துவிடுவார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் சிரித்தார்கள். பிறகு பேச்சு அப்படியே இருந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

கற்பிட்டிக் குடாநாட்டின் கிணறுகளைப் பற்றி அந்த ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த ஒன்று உண்டு. ஒரு புறம் கடல், மறு புறம் களப்பு என்னும் உப்புநீர்ப் பரப்பு, நடுவே மணல். மழைநீர் மணலில் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஆடைபோலப் படிந்து நிற்கிறது. அதனால் ஊரார் கிணறுகளை அகலமாக வெட்டுவார்கள், ஆழமாக வெட்டமாட்டார்கள். கோடையில் நீர் குறைந்தால் குறைவாக அள்ளிப் பொறுத்திருப்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த விடயமென்பதால் அதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் எல்லாம் தெரியுமென்பதால் நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை.

நாங்கள் வந்த சில ஆண்டுகளில் ஒரு கடுமையான கோடை வந்தது. ஹாஜியார் உண்மையாகவே ஹஜ்ஜுக்குப் போயிருந்தார். ராத்தா, மூத்த மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மதுரங்குளிக்குப் போயிருந்தார். இளைய மகளையும் கூட்டிப்போனவர், பாத்திகளுக்கு நீர் ஊற்றும் பொறுப்பைக் காக்காவிடமே ஒப்படைத்திருந்தார். எத்தனை சண்டையிருந்தாலும் காக்காவை அவர் நம்பினார். கிணற்றில் நீர் அடிமட்டத்துக்கு இறங்கியது. வாளி மணலைக் கொண்டுவந்தது.

“இறங்க வேண்டிய நேரம்” என்றார் காக்கா. “இத்தனை வருசம் குடிச்சிருக்கம், ஒரு தரமும் இறங்கல்ல. ஹாஜியார் மக்காவில இருந்து வரக்குள்ள நிறைகிணறா இருக்கணும்.”

எங்களோடு வந்த முதியவர் ஒருவர், “மனிசன் போய்த்தான் இருக்கார். இதவிட நல்ல நேரம் வராது” என்றார்.

கிணற்றுக்காரர் ஊரில் இல்லாதது எங்கள் வழக்கப்படி மிகப் பொருத்தமாக அமைந்திருந்தது. எங்களுக்கு மலசலகூடம் கட்டவென்று கொண்டுவந்து, பயன்படுத்தாமல் மிஞ்சிக் கிடந்த சீமெந்துக் கொட்டுகள், அதாவது பெரிய வளையங்கள், தோட்டத்து மூலையில் இருந்தன. அவற்றைக் கழுவி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிணற்றின் அடியில் இறக்கினோம்; உள்ளிருந்து மணலைத் தோண்டி எடுக்க எடுக்க அவை கீழே இறங்கின. காக்கா பிஸ்மி சொல்லி முதலில் இறங்கினார். தோட்டத்தில் பெருநாள் போல இருந்தது. பெண்கள் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்கள். வேலிக்கு அப்பால் போன ஊர்க்காரர் ஒருவர் நின்று பார்த்தார். தூர்வாருகிறார்கள் என்று எண்ணியிருக்கலாம். அவர் போய்விட்டார்.

பின்னேர அஸர் தொழுகைக்கு முன் நீர் வந்தது. சீறிக்கொண்டு வந்தது. காக்கா கழுத்தளவு நீரில் நின்று, உள்ளங்கையில் ஏந்திக் குடித்து, மேலே பார்த்துச் சிரித்தார். ஊரை விட்டு வந்தபின் அவர் அவ்வாறு சிரித்து நான் கண்டது அன்றுதான்.

சில நாட்கள் அந்த நீர் இனித்தது. தாராளமாகக் குளித்தோம். ராத்தாவின் பாத்திகளுக்குக் காக்கா காலையும் மாலையும் கணக்கில்லாமல் ஊற்றினார். பிறகு ஒருநாள் துணி துவைத்துக்கொண்டிருந்த மதினி, “இந்தச் சவுக்காரம் நுரைக்குதில்ல” என்றார்.

“சவுக்காரம் பழசு” என்றார் காக்கா.

அடுத்த நாள் பருப்பு வேகவில்லை. அதற்கடுத்த நாள் தேநீரை வாயில் வைத்த பிள்ளைகள் துப்பினார்கள். காக்கா கிணற்றடிக்குப் போய், ஒரு மிடறு குடித்து, நெடுநேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

“புது ஊற்று. இறைச்சு விட்டாத் தெளியும்” என்றார்.

களிமண் பூமியில் அது சரி. ஆண்களைத் திரட்டி இறைக்கத் தொடங்கினார். இறைத்த அளவுக்கு நீர் ஊறியது. ஊறிய அளவுக்கு உவர்த்தது. மறுநாள் இன்னும் அதிகமாக இறைத்தார்கள். கீழேயிருந்த கடலை மேலே இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் காக்கா கயிற்றை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தார். ஈரம் உலர்ந்த இடங்களில் வெண்மை படிந்திருந்தது.

ராத்தா திரும்பி வந்தபோது வெங்காயத் தாள்களின் நுனி கருகி, பாத்திகள் முழுவதும் மஞ்சளாகி இருந்தன. அவர் ஒரு தாளைப் பிடுங்கி மென்று பார்த்தார். சத்தம் போடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அவர் கிணற்றடிக்கு வந்தார்; உள்ளே எட்டிப் பார்த்தார்; கொட்டுகளைக் கண்டார்.

“ஆரு எறங்கின?”

“நான்தான் ராத்தா” என்றார் காக்கா.

“ஆரக் கேட்டு?”

கேட்கக்கூடாது என்பதே வழக்கம் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?

“எங்கட வாப்பா வெட்டின கெணறு. எங்கட உம்மாட மையத்தக் குளிப்பாட்டின தண்ணி” என்றார் ராத்தா. பிறகு, எங்கள் எல்லாரையும் பார்த்து, “ஒங்களுக்கு என்ன? லொறியில வந்தீங்க, லொறியில போவீங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

அன்று முதல் ஊரில் கதை பரவியது. வேண்டுமென்றே செய்தார்கள் என்றார்கள். ஹாஜியார் காணியை விட்டுப் போகட்டும் என்று செய்தார்கள் என்றார்கள். “கக்கூசுக் கொட்டக் கெணத்துல போட்ட சனம்” என்று கடைத்தெருவில் ஒருவன் என் காதுபடச் சொன்னான். பக்கத்துத் தோட்டத்தின் கிணறும் சற்றுக் கரித்தது. அதன் பின் யாரும் எங்களோடு பேசவில்லை. எங்கள் பெண்கள் நெடுந்தூரம் நடந்து, வேறொரு கிணற்றில், மற்றவர்கள் அள்ளி முடியும் வரை நின்று, அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

ஹாஜியார் ஹஜ்ஜிலிருந்து வந்த வாரம், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கூடினார்கள். முப்பது குடும்பங்களும் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும் என்பதே பேச்சு. பலர் கோபமாகப் பேசினார்கள். பேசியவற்றில் கணிசமானவை உண்மை. காக்கா எழுந்து நின்றார்.

“இறங்கினது நான். கொட்டு இறக்கச் சொன்னதும் நான். எங்கட ஊரில குடிச்சவன் இறங்கணும். அதுதான் வழக்கம்.”

“நல்ல வழக்கம்!” என்றான் ஒரு வாலிபன். “திண்ட வீட்டுக் கோப்பைய ஒடைக்கிறதும் ஒங்கட வழக்கமா?”

சிலர் சிரித்தார்கள். ஹாஜியார் கையை உயர்த்தினார். ஹஜ்ஜில் மொட்டையடித்த தலையில் முடி இன்னும் வளரவில்லை.

“நானா, நான் ஒங்களிட்ட நண்டி கேட்டேனா?” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் காக்காவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

“இல்ல ஹாஜியார்.”

“சும்மா இரிந்திருக்கலாமே.”

சும்மா இருப்பதுதான் காக்காவால் முடியாதது. விருந்தாளியாக இத்தனை ஆண்டுகள் இருக்க நேர்ந்த ஒரு விவசாயியை அந்தச் சபையில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லை. நான் பேச எழுந்தபோது காக்கா என் சட்டையைப் பிடித்து இருத்தினார். தான் போய்விடுவதாகவும் மற்றக் குடும்பங்களை இருக்க விடும்படியும் கேட்டார். பள்ளிவாசல் தலைவர் அதை ஏற்றுக்கொண்டார். ஒரு நிபந்தனையும் சேர்த்தார்: போனவர் மறுபடி அந்தத் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது, வைத்தால் மற்றவர்களும் போக வேண்டியிருக்கும். ஹாஜியார் தலைகுனிந்து இருந்தார். மறுக்கவில்லை.

“ராத்தாட்டப் பொருத்தம் கேக்கணும்” என்றார் காக்கா, வெளியே வந்ததும்.

பொருத்தம் என்றால், தீங்குக்கு ஆளானவர் பொறுத்துத் தரும் மன்னிப்பு. ஒரு மனிதனுடைய ஹக்குக்கு, அதாவது உரிமைக்கு, இழைத்த தீங்கை, அந்த மனிதன் பொறுத்துக்கொள்ளாதவரை அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்பது எங்கள் நம்பிக்கை. ஹாஜியாரிடம் அவர் சபையிலேயே கேட்டார், கிடைத்தது. ராத்தாவிடம் கேட்க வேண்டியிருந்தது. அன்று பின்னேரம் மதினியை அனுப்பினார். கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து, “பயிர் வரட்டும், பொறகு பாப்பம்” என்ற பதில் மட்டும் வந்தது. காக்காவும் மதினியும் இரண்டு பைகளோடு விடியற்காலையில் கரைத்தீவுக்குப் போனார்கள். நானும் போகத்தான் எண்ணினேன். “பள்ளிக்கூடத்த விட்டுட்டு எங்க வாறாய்? நான் போறதே நீங்க இருக்கத்தானே” என்றார்.

ஊரார் கொட்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கிணற்றின் அடியை மணல் போட்டு நிரப்பினார்கள். இரண்டு மாரிமழைகளில் நீர் தேறியது. ராத்தாவின் பாத்திகள் பச்சையாயின. நாங்கள் மறுபடியும் அந்தக் கிணற்றில் அள்ளினோம். மற்றக் குடும்பங்கள் எல்லாரும் அங்கேயே இருந்தோம்.

கரைத்தீவில் காக்கா பிறர் வயலில் கூலி வேலை செய்தார். மாதத்துக்கொரு முறையாவது நான் போவேன். நலம் விசாரித்த பின் அவர் கேட்கும் முதற் கேள்வி ஒன்றே.

“அவ ஏதும் சொன்னாவா?”

“இன்னும் இல்ல காக்கா.”

பயிர் வந்த ஆண்டில் நானே வேலியோரம் நின்று ராத்தாவிடம் கேட்டேன். காக்கா பொருத்தம் கேட்டு அனுப்பியிருக்கிறார் என்றேன்.

அவர் புல்லைப் பிடுங்கிக்கொண்டே, “பொருத்தத்த ஆள் அனுப்பியா கேக்குற? அவருக்குக் கால் இரிக்கிதானே” என்றார்.

அந்தப் பேச்சை அப்படியே காக்காவிடம் ஒப்புவித்தேன். “கால் இருக்கு. வரத்தான் விடமாட்டாங்களே. தெரிஞ்சுதானே கேக்கிறா” என்றார். தடையை வைத்துக் குத்திக்காட்டுகிறார் என்றே நானும் விளங்கிக்கொண்டேன். என் மகளின் திருமணம் தோட்டத்தில் நடந்தபோது காக்கா வரவில்லை. அத்தனை குடும்பங்களின் இருப்பை ஒரு சாப்பாட்டுக்காகப் பணயம் வைக்கலாமா என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டாரிடம், அவருக்கு முழங்கால் வருத்தம் என்று சொன்னேன்.

நாங்கள் ஊர் திரும்ப வடக்குக்கான பாதை திறப்பதற்குச் சில மாதங்கள் முன்னர், கரைத்தீவில் அவர் மௌத்தானார். இறுதி நாட்களில் பேச்சு இல்லை. அதற்கு முந்திய வாரம் அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன். அங்கேயே அடக்கினோம். ஹாஜியார் வயோதிபத்தில் வர முடியாமல் மகன்களை அனுப்பியிருந்தார்.

அடக்கம் முடித்துத் தோட்டத்துக்குத் திரும்பிய மறுநாள், ராத்தா முதன்முறையாக என் வீட்டு வாசலுக்கு வந்தார். கூன் விழுந்திருந்தது. கதிரை கொடுத்தும் உட்காரவில்லை.

“ஒங்கட காக்காட ஹக்க நான் எப்பவோ பொறுத்துட்டேன். வெங்காயம் வந்த வருசமே” என்றார்.

“அவருக்குச் சொல்லல்லயே ராத்தா” என்றேன்.

“எப்பிடிச் சொல்லுற? அவர்தான் வரல்லயே. கேக்க வருவார், வந்தா முகத்துக்கு நேர நாலு வார்த்த ஏசிப்போட்டுப் பொறுக்கணும் எண்டு இரிந்தேன். நீங்க வந்து கேட்டப்பவும் அதத்தான் சொன்னேன். வரல்ல. அவ்வளவு ரோசமா ஒரு மனிசனுக்கு?”

“அவர் வரக்கூடாது எண்டு பள்ளியில முடிவெடுத்தாங்க. வந்தா எங்க எல்லாரையும் எழுப்பிடுவாங்க எண்டு.”

ராத்தா என்னையே பார்த்தார்.

“எந்தப் பள்ளியில?”

“எங்கட பள்ளியிலதான். அண்டைக்கு, ஜும்ஆவுக்குப் பொறகு. ஹாஜியாரும் இருந்தார்.”

“எனக்கு ஆரும் சொல்லல்லயே” என்றார். பிறகு, மெதுவாக, “பள்ளிக்குள்ள எடுக்குற முடிவ ஆரு பொம்புளைக்கு வந்து சொல்லுற?” என்றார்.

கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அவரும் அழவில்லை, அழுவதற்கான உறவு எங்களுக்குள் இருக்கவில்லை. பிறகு, “அடக்கின எடம் எங்க?” என்று கேட்டார். சொன்னேன்.

“ஏலுமெண்டா என்னக் கூட்டிக்கொண்டு போங்க. கபுறு கிட்ட பொம்புளைகள விடமாட்டாங்க. தூர நிண்டு சொல்லுறேன்.”

நான் ஓம் என்றேன்.